பிரிண்டர் எவ்வளவு கரண்ட் இழுக்கும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் இங்க் டேங்க் கலர் பிரிண்டர் இருக்கிறது. பிள்ளைகளின் பள்ளி வேலைக்கு மாதம் 100 பக்கம் வரை எடுக்கிறோம். "சும்மா இருந்தாலும் கரண்ட் இழுக்கும்" என்று மாமனார் ஒவ்வொரு முறையும் சுவரில் உள்ள சுவிட்சைத் தட்டி அணைத்துவிடுகிறார். உண்மையில் பில்லில் எவ்வளவு கூடும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வீட்டு உபயோக இங்க் டேங்க் பிரிண்டர் அச்சடிக்கும்போது எடுப்பது 12 முதல் 15 வாட். பெரிய எல்.இ.டி. பல்பு ஒன்றின் அளவுதான். 100 பக்கத்தை நிறுத்தி நிறுத்தி எடுத்தாலும் மை தெளிக்கும் தலை ஓடும் நேரம் மொத்தம் 20 நிமிடம் என்று வையுங்கள். 15 வாட், 20 நிமிடம்: 5 வாட்-மணி, அதாவது 0.005 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்றால் மாதம் இரண்டரை காசு. பழைய 75 வாட் சீலிங் ஃபேன் நான்கு நிமிடம் சுற்றினால் இதே அளவு செலவாகிவிடும்.

மாமனார் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அச்சடிக்கும் 20 நிமிடத்தைவிட, சும்மா இருக்கும் மீதி 700 மணி நேரம்தான் அதிகம் இழுக்கும். அச்சடித்து முடித்துத் தயார் நிலையில் இருக்கும்போது சுமார் 4 வாட். சில நிமிடங்களில் தானாகவே உறக்க நிலைக்குப் போய்விடும். அப்போது ஏறக்குறைய 1 வாட். பிரிண்டரின் பட்டனை அழுத்தி அணைத்து, ப்ளக்கை மட்டும் விட்டுவைத்தால் 0.2 அல்லது 0.3 வாட். (அணைத்த நிலையில் 0.5 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று 2013 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விதி. உலகச் சந்தைக்குச் செய்கிற கம்பெனிகள் அதற்கேற்பத்தான் பவர் சப்ளையை வடிவமைக்கின்றன.)

நமக்கு பில் வருவது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. இரண்டு மாதம் என்றால் 1440 மணி. இரவு பகலாக உறக்க நிலையிலேயே விட்டால் 1.44 யூனிட், சுமார் 7 ரூபாய். பட்டனில் அணைத்து வைத்தால் 0.4 யூனிட், 2 ரூபாய். சுவரிலும் அணைத்தால் பூஜ்யம். ஆகப் பட்டனில் அணைத்த பிறகு சுவர் சுவிட்சையும் தட்டுவதால் கிடைக்கும் லாபம், இரண்டு மாதத்துக்கு இரண்டே ரூபாய். 100 யூனிட் இலவசத்துக்குள்ளேயே முடிகிற வீடாக இருந்தால் அதுவும் இல்லை. 1000 யூனிட்டைத் தாண்டி, யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல் கட்டுகிற வீடாக இருந்தால் ஐந்து ரூபாய். இதே காலத்தில் உங்கள் 200 பக்கத்துக்குப் பேப்பர் செலவு மட்டும் 100 ரூபாயைத் தாண்டும்.

பட்டனைத் தொடாமல் நேராகச் சுவரில் அணைத்தால், அந்த இரண்டு ரூபாயைவிட அதிகமான மை வீணாகலாம். அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

கேள்வி: சுவிட்ச் போர்டில் நேராக அணைத்தால் பிரிண்டர் கெட்டுவிடும் என்கிறார்கள். டி.வி., மிக்ஸி எல்லாவற்றையும் அப்படித்தானே அணைக்கிறோம்?
– வாசகர், கரூர்

பதில்: மிக்ஸிக்குள் மை இல்லை. பிரிண்டரின் தலையில் முடியைவிட மெல்லிய துளைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. காற்றுப் பட்டால் அவற்றில் உள்ள மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெரும்பாலான மாடல்களில் வலது ஓரத்தில் ஒரு சின்னக் கிண்ணம் வைத்திருக்கிறார்கள்: சுற்றிலும் ரப்பர் விளிம்பு, நடுவில் மை ஊறிய பஞ்சு, பக்கத்திலேயே தலையைத் துடைக்கும் ரப்பர் பட்டை. வேலை முடிந்ததும் தலை அங்கே போய் உட்காரும். கிண்ணம் மேலெழும்பி மூடிபோல் ஒட்டிக்கொள்ளும். பேனாவுக்கு மூடி போடுவது மாதிரி.

பட்டனை அழுத்தி அணைக்கும்போது கவனித்துப் பாருங்கள். விளக்கு உடனே அணையாது. சில நொடி சிமிட்டும், உள்ளே 'கர்ர்' என்று தலை நகர்ந்து ஓரத்தில் போய் நிற்கும், அதன்பிறகுதான் விளக்கு அணையும். மூடி போட எடுத்துக்கொள்ளும் நேரம் அது. விளக்கு முழுதாக அணைந்த பிறகு சுவர் சுவிட்சையும் அணைக்கலாம், தலை காயாது. வரிசை முக்கியம்: முதலில் பட்டன், பிறகு விளக்கு அணைகிற வரை பொறுமை, கடைசியாகச் சுவர்.

உறக்க நிலையில் இருக்கிற பிரிண்டரைச் சுவரில் அணைத்தால் பெரும்பாலும் உடனடி ஆபத்து இல்லை. தலை ஏற்கெனவே மூடியில்தான் இருக்கும். கடைசித் தாள் வெளியே வந்த கையோடு தட்டுவதுதான் வினை. தலை நடுவழியில், மூடியில்லாமல் நிற்கும். ஒரு ராத்திரியில் சாதாரணமாக ஒன்றும் ஆகாது. ஒரு வாரம் அப்படியே கிடந்தால், அதுவும் மே மாத வெயிலில் ஃபேனுக்கு அடியில் கிடந்தால், மறுமுறை கோடு கோடாகத்தான் வரும்.

இன்னொரு சங்கதி. கடைசியாக எப்போது சுத்தம் செய்தோம் என்ற கணக்கைப் பிரிண்டர் வைத்திருக்கும். மின்சாரத்தை முழுதாகத் துண்டித்தால் சில மாடல்கள் அந்தக் கணக்கை இழந்துவிடும். மறுபடி கரண்ட் வந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று மையை உறிஞ்சித் தலையைக் கழுவும். ஸ்விட்ச் போட்ட உடனே ஒரு நிமிடம் உள்ளே இழுக்கிற, தள்ளுகிற சத்தம் கேட்கிறதே, அது அந்தக் கழுவலாக இருக்கலாம். அப்படிப்பட்ட மாடலை நாளுக்கு இரண்டு தடவை சுவரில் அணைத்துப் போட்டால் நாளுக்கு இரண்டு கழுவல்.

அச்சடிக்கும்போதே கரண்ட் போய்விட்டால்? தலையைக் கையால் தள்ள வேண்டாம். கரண்ட் வந்ததும் பட்டனில் ஆன் செய்யுங்கள். தாளை வெளியே துப்பிவிட்டுத் தலை தானே ஓரத்துக்குப் போகும். பிறகு வேலை இல்லையென்றால் பட்டனிலேயே அணையுங்கள். இதைச் செய்யாமல் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுவதுதான் பல வீடுகளில் தலை அடைப்பின் தொடக்கம்.

கேள்வி: பிரிண்டரின் பின்பக்க ஸ்டிக்கரில் 220–240 வோல்ட், 0.2 ஆம்பியர் என்று இருக்கிறது. பெருக்கினால் 48 வாட் வருகிறது. நீங்கள் 15 என்கிறீர்களே?
– வாசகர், சிவகாசி

பதில்: அந்த 0.2 ஆம்பியர் செலவுக் கணக்கு அல்ல. இதற்கு மேல் இழுக்காது என்ற உச்சவரம்பு. மோட்டார் கிளம்பும் கணம், வோல்டேஜ் குறையும் நேரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாதுகாப்புக்காக எழுதியது. சராசரிச் செலவைப் பார்க்க வேண்டிய இடம் ஸ்டிக்கர் இல்லை. கூட வந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களில் அச்சிடும்போது, தயார் நிலை, உறக்கம், அணைத்த நிலை என்று தனித்தனியாக வாட் போட்டிருக்கும்.

ஒயரைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டி ஆம்பியர் பார்த்து 230-ஆல் பெருக்குபவர்களும் இதே குழியில் விழுவார்கள். இவ்வகைப் பவர் சப்ளை குறைந்த சுமையில் ஓடும்போது அதன் பவர் ஃபேக்டர் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் எண்ணில் நிஜ வாட் எத்தனை பங்கு என்ற அளவு) பாதிக்கும் கீழே போகலாம். அப்போது பெருக்கி வரும் எண் நிஜ வாட்டைப் போல் இரு மடங்காகத் தெரியும். வீட்டு மீட்டர் கணக்கில் எடுப்பது நிஜ வாட்டை மட்டுமே.

கேள்வி: கருவி எதுவும் வாங்காமல் வீட்டிலேயே அளக்க முடியுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முடியும். ஈ.பி. மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். அதன் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று எழுதியிருக்கும்: 800, 1600, 3200 என்று மீட்டருக்கு மீட்டர் மாறும். 3200 என்றால் ஒரு சிமிட்டலுக்கு 0.3125 வாட்-மணி.

பகல் நேரத்தில் ஃபிரிட்ஜ், மோடம், செட்-டாப் பாக்ஸ், கொசு விரட்டி மெஷின் வரை எல்லாவற்றையும் அணையுங்கள். விளக்கு சிமிட்டுவது நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் எதையோ மறந்திருக்கிறீர்கள். பெரும்பாலும் காலிங் பெல்லின் டிரான்ஸ்ஃபார்மராகவோ, மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி சென்சாராகவோ இருக்கும். பிறகு பிரிண்டரை மட்டும் போட்டு, 20 பக்கக் கோப்பைப் போனிலிருந்து நேரடியாக அனுப்புங்கள். (மோடத்தை அணைத்துவிட்டதால், போனைப் பிரிண்டரோடு நேராக இணைக்கும் வை-ஃபை டைரக்ட் வழியாக.) இரண்டு சிமிட்டலுக்கு இடையே உள்ள நொடியை எண்ணுங்கள். 3200 மீட்டரில் 75 நொடிக்கு ஒரு தடவை சிமிட்டினால் 15 வாட். சூத்திரம் எளிது: 0.3125-ஐ 3600-ஆல் பெருக்கி நொடியால் வகுக்க வேண்டும். அதாவது 1125-ஐ நொடியால் வகுத்தால் வாட்.

உறக்க நிலையை இப்படி அளக்க முடியாது. மீட்டர் ஓடத் தொடங்கவே ஒரு குறைந்தபட்ச மின்னோட்டம் தேவை. 1 வாட்டுக்கு அது அசையாமலே இருக்கலாம். ப்ளக்கில் சொருகும் சிறிய வாட் மீட்டர்களும் 2 வாட்டுக்குக் கீழே காட்டும் எண்ணை நம்பாதீர்கள். 

கேள்வி: ஒரு மாதம் ஊரில் இல்லை. திரும்பி வந்து பிரிண்ட் எடுத்தால் வெள்ளைக் கோடுகள். ஆறு தடவை ஹெட் கிளீனிங் போட்டேன். கோடு போகவில்லை, டேங்கில் மை கண்ணுக்குத் தெரிய இறங்கிவிட்டது. கரண்டும் வீண்தானே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கரண்டை விடுங்கள், ஆறு கிளீனிங்குக்கு ஆகியிருப்பது ஓரிரு காசுதான். வீணானது மை.

எப்சன் 003 கறுப்பு பாட்டிலை எடுத்துக்கொள்வோம். 65 மில்லி, கம்பெனி சொல்லும் கணக்கு 4500 பக்கம். ஒரு பக்கத்துக்கு 0.0144 மில்லி. ஒரு சொட்டு 0.05 மில்லி என்று வைத்தால், மூன்று பக்கத்துக்கு ஒரு சொட்டு மைதான் போகிறது. கிளீனிங்கில் டேங்க் மட்டம் 5 மில்லி இறங்கியிருந்தால், அது ஏறக்குறைய 350 பக்கத்துக்கான மை. அவ்வளவும் எங்கே போனது? பிரிண்டரின் அடிவயிற்றில் உள்ள கழிவு மைப் பஞ்சுக்கு. அந்தப் பஞ்சு எவ்வளவு குடித்தது என்பதைப் பிரிண்டர் எண்ணிக்கொண்டே இருக்கும். நிறைந்துவிட்டது என்று கணக்கு சொன்னால் விளக்குகள் மாறி மாறி சிமிட்டி வேலை நிறுத்தம் செய்துவிடும். சில மாடல்களில் மெயின்டனன்ஸ் பாக்ஸ் என்று தனியாகக் கழற்றி மாற்றும் பெட்டி உண்டு. மற்றவற்றில் சர்வீஸ் சென்டர்தான். ஏதோ ஒரு மென்பொருளை ஓட்டி எண்ணிக்கையை மட்டும் பூஜ்யமாக்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பஞ்சை மாற்றாமல் எண்ணை மட்டும் மாற்றினால், சில மாதங்களில் மை மேஜை மேல் ஒழுகும்.

செய்ய வேண்டிய முறை இது. முதலில் கிளீனிங் அல்ல, எல்லாத் துளையிலும் மை வருகிறதா என்று பார்க்கும் நாசில் செக். கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் ஏணிக்கோடுகள் அச்சாகும்; எந்த நிறத்தில் எத்தனை இடத்தில் விட்டுப்போயிருக்கிறது என்று பேனாவால் வட்டமிட்டு வையுங்கள். அதன்பிறகு ஒரு கிளீனிங், மறுபடி நாசில் செக். இடைவெளி குறைந்தால் இன்னொன்று. மூன்று தடவைக்குப் பிறகும் அதே நிலை என்றால் நிறுத்திவிட்டு, பட்டனில் அணைத்து, குறைந்தது 12 மணி நேரம் தொடாமல் விடுங்கள். எப்சன் கையேடே சொல்லும் முறைதான் இது. கோடு விழக் காரணம் எப்போதும் காய்ந்த மை அல்ல; பல நேரம் குழாய்க்குள் புகுந்த காற்றுக் குமிழி. அடுத்தடுத்து உறிஞ்சினால் குமிழி உடைந்து பரவும். விட்டுவைத்தால் அடங்கும். மூன்று கிளீனிங்குக்குப் பிறகு நேற்று இல்லாத புது இடத்தில் இடைவெளி வந்தால், அது குமிழி என்பதற்கு நல்ல அடையாளம். அடைப்பு இடம் மாறாது. நீங்கள் வட்டமிட்டு வைத்த தாள் இங்கேதான் உதவும்.

12 மணி நேரத்துக்குப் பிறகும் சரியாகாவிட்டால்தான், சாதாரண கிளீனிங்கைவிட அதிக மையை உறிஞ்சிக் கழுவும் பவர் கிளீனிங். டேங்கில் மூன்றில் ஒரு பங்காவது மை இருக்க வேண்டும். இல்லாமல் ஓட்டினால் காற்றை இழுத்து நிலைமை மோசமாகும். ஒரு பவர் கிளீனிங்குக்கும் அடுத்ததற்கும் இடையே மீண்டும் 12 மணி நேரம்.

இனி ஊருக்குப் போகுமுன் நான்கு நிறமும் வரும்படி ஒரு பக்கம் எடுத்துவிட்டு, பட்டனில் அணைத்து, மேலே துணி போர்த்திவிட்டுப் போங்கள். வீட்டில் இருக்கும் நாட்களில் வாரம் ஒரு கலர் பக்கம் போதும். அதற்கு ஆகும் மையும் மின்சாரமும் ஒரு கிளீனிங்கின் பக்கத்தில்கூட வராது.

கேள்வி: இன்வெர்ட்டர் லைனில் பிரிண்டரைப் போடலாமா? லேசர் வாங்கினால் கரண்ட் அதிகமா?
– வாசகர், பெரம்பலூர்

பதில்: இங்க்ஜெட்டை இன்வெர்ட்டரில் தாராளமாகப் போடலாம்; 15 வாட் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இன்வெர்ட்டரின் பின்னால் யூ.பி.எஸ். / நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் யூ.பி.எஸ். பக்கம் தள்ளி வையுங்கள். நார்மலில் மாறும் நேரம் அதிகம். கரண்ட் போகிற கணத்தில் பிரிண்டர் ரீஸ்டார்ட் ஆகி, பாதிப் பக்கத்தோடு தாளைத் துப்பிவிடும்.

லேசர் வேறு ஜாதி. அங்கே மைத்தூளைத் தாளில் உருக்கி ஒட்ட, ஃபியூசர் என்ற உருளையை 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்க வேண்டும். அச்சடிக்கும்போது சராசரி 300 முதல் 500 வாட். சூடேறும் சில நொடிகளில் 800, 1000 வாட் வரை எகிறும். வீட்டு இன்வெர்ட்டர் அந்த ஒரு உந்தலில் ஓவர்லோட் காட்டி அணைந்துவிடும். கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் 600 வி.ஏ. யூ.பி.எஸ்.ஸிலும் லேசரைச் சொருகக் கூடாது. லேசர் ஓடும்போது அறையில் பல்பு லேசாக மங்கித் தெளிவதைப் பார்த்திருப்பீர்கள்; அந்த உந்தல்தான்.

ஆனால் பில்லில் பயப்பட ஒன்றுமில்லை. நிமிடத்துக்கு 20 பக்கம் எடுக்கும் லேசர் 100 பக்கத்தை 5 நிமிடத்தில் முடிக்கும். 400 வாட், 5 நிமிடம்: 33 வாட்-மணி. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாகச் சூடேற்றினாலும், ஒரு தடவைக்கு 3 வாட்-மணி என்று வைத்து, மொத்தம் 0.3 யூனிட்டைச் சுற்றித்தான். ஒன்றரை ரூபாய். மாதக்கணக்கில் பிரிண்டரைத் தொடாமல் வைத்திருக்கும் வீடு என்றால் கறுப்பு வெள்ளை லேசர்தான் சரி என்பது எங்கள் கருத்து, தூள் காயாது.

கேள்வி: ஸ்மார்ட் ப்ளக் வாங்கி, வேண்டும்போது மட்டும் போனிலேயே ஆன் செய்தால் மிச்சமா?
– வாசகி, கோவை

பதில்: வேண்டாம். ஸ்மார்ட் ப்ளக் வை-ஃபையில் காத்திருக்கத் தானே 1 வாட் அளவுக்கு இழுக்கும். பிரிண்டரின் உறக்கச் செலவும் அதே அளவுதான். தவிர, அது செய்வது சுவர் சுவிட்சைத் தட்டும் அதே வேலை. பிரிண்டரிலேயே 'பவர் ஆஃப் டைமர்' அல்லது 'ஆட்டோ ஆஃப்' என்று ஒரு அமைப்பு இருக்கும். எப்சனில் கம்ப்யூட்டர் டிரைவரின் மெயின்டனன்ஸ் பக்கத்தில் தேடுங்கள். அதை ஒரு மணி நேரம் அல்லது இரண்டு மணி நேரம் என்று வைத்தால், தலைக்கு மூடி போட்டுவிட்டு முறையாக அணையும். சில எச்.பி. மாடல்களில் வை-ஃபை இணைப்பில் இருக்கும்போது ஆட்டோ ஆஃப் வேலை செய்யாது. அது பழுதல்ல, அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: பிரிண்டரிலிருந்து வரும் யூ.எஸ்.பி. ஒயரின் நுனியைத் தொட்டால் சுருக்கென்கிறது. கரண்ட் கசிந்து பில் ஏறுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: பில் ஏறாது. இரண்டு முள் ப்ளக்கில் ஓடும் பவர் சப்ளைகளில், இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர் வழியாக இம்மியளவு மின்னோட்டம் உலோகப் பகுதிக்கு வரும். மூன்று முள் ப்ளக் உள்ள டெஸ்க்டாப்பில் சொருகிய பிறகும் சுருக்கென்றால், பிரச்சினை பிரிண்டரில் இல்லை. அந்தச் சாக்கெட்டில் எர்த் இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். இடி மின்னல் நாளில் ப்ளக்கைப் பிடுங்கி வைப்பதும் நல்லதுதான், பட்டனில் அணைத்த பிறகு.

கேள்வி: வீட்டு முன்னறையில் ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட் போட்டுக் கொடுக்கிறேன். நாளுக்கு 300 பக்கம், இங்க் டேங்க் மெஷின். பக்கத்துக்கு எவ்வளவு கரண்ட் சேர்க்க வேண்டும்?
– வாசகி, விருத்தாசலம்

பதில்: சேர்க்கவே தேவையில்லை. 300 பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஓடினாலும் 15 வாட்-மணி. பக்கத்துக்கு ஒரு காசில் நாற்பதில் ஒரு பங்கு. முன்னறை ஃபேனும் டியூப் லைட்டும் எட்டு மணி நேரம் எரிவது அதைப்போல் ஐம்பது மடங்கு. விலை வைக்கும்போது பேப்பர், மை, வீணாகும் தாள், சில ஆண்டில் பஞ்சு மாற்றும் செலவு, இவற்றைச் சேருங்கள். ஒன்று மட்டும் கவனம்: காசு வாங்கிச் செய்கிற கடைக்கு வீட்டு இணைப்பு செல்லாது, வணிக இணைப்பு வேண்டும். அங்கே 100 யூனிட் இலவசமும் கிடையாது. சோதனைக்கு வந்து பிடித்தால் கட்ட வேண்டியிருக்கும் தொகை, பிரிண்டரின் ஆயுள் முழுக்க ஆகும் மின்சாரச் செலவைப்போல் பல மடங்கு. தனி மீட்டருக்கு முதலில் விண்ணப்பித்துவிடுங்கள்.